கருப்பை வாய்க்குத் தேவை பரிசோதனை, மாத்திரை அட்டை அல்ல

வெள்ளைப்படுகிறது, இடுப்பு கடுக்கிறது, உறவுக்குப் பின் ரத்தம் படுகிறது என்று ஒரு பெண் வாய் திறந்து சொல்வதே நம் கிராமங்களில் அரிது. தயக்கத்தை எல்லாம் தாண்டி அவர் சொல்லிவிட்ட பிறகு, பல நேரங்களில் அவர் கைக்கு வந்து சேர்வது ஒரு மாத்திரை அட்டை. பீட்டா கரோட்டின், லைகோபீன், வைட்டமின் சி, வைட்டமின் இ, செலினியம் என்று அதன் பின்புறத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்பது பொதுப்பெயர். சத்து மாத்திரை என்பது ஊர் வழக்கு. கருப்பை வாயில் புண் இருக்கிறது, இதைச் சாப்பிட்டால் ஆறிவிடும், புற்றுநோயும் அண்டாது என்ற நம்பிக்கையும் அந்த அட்டையோடு சேர்ந்தே வீட்டுக்குப் போகிறது. புதுச்சேரியின் நெட்டப்பாக்கம் கொம்யூனில் மடுகரை, கரியமாணிக்கம், ஏம்பலம் போன்ற ஊர்களில் வயல்வேலையும் கரும்புவேலையும் செய்து கூலி வாங்கும் பெண்களுக்கு அந்த அட்டையின் விலை சிறியதல்ல. அந்தப் பணம் அவர்களுடைய கருப்பை வாயைக் காக்கவில்லை என்பதே நான் இங்கே சொல்ல வருவது. காக்கவில்லை என்பதை மருத்துவ உலகம் முப்பது ஆண்டுகளாகச் சோதித்துப் பார்த்திருக்கிறது. பணம் வீணாவதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று: மாத்திரை வாங்கியாகிவிட்டது என்ற நிம்மதியில், செய்திருக்க வேண்டிய பரிசோதனை தள்ளிப்போகிறது.

இந்த நம்பிக்கை வெறும் வியாபாரத்தில் பிறந்ததல்ல என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1980-களில் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர், கருப்பை வாய்ச் செல்களில் மாற்றம் கண்ட பெண்களின் ரத்தத்தில் வைட்டமின் சி-யும் கரோட்டினும் குறைவாக இருப்பதைக் கவனித்தார்கள். செல்களைச் சேதப்படுத்தும் வீரியமான மூலக்கூறுகளை இந்தச் சத்துகள் தணிக்கின்றன என்பது ஆய்வகத்தில் தெரிந்த செய்தி. ஆகவே சத்தைக் கூட்டினால் மாற்றம் குறையும் என்று எதிர்பார்த்தது நியாயமே. ஆனால் ரத்தத்தில் சத்து குறைந்திருப்பது தனியாக வருவதில்லை. வறுமை, இளவயதுத் திருமணம், அடுத்தடுத்த பிரசவங்கள், புகையிலை, மருத்துவரையே பார்க்காத வாழ்க்கை எல்லாம் கூடவே வருகின்றன. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான ஆபத்தை உயர்த்துபவையும் ஏறக்குறைய இவையேதான். சத்துக் குறைவு நோயின் காரணமா, நோய்க்கு இடம்கொடுத்த வாழ்க்கையின் இன்னோர் அடையாளமா என்பதைக் கண்டறிய ஒரே வழிதான் உண்டு. ஒத்த நிலையில் உள்ள பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு உண்மை மாத்திரையும் மற்றதற்குச் சத்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்துக் காத்திருக்க வேண்டும்.

அப்படியும் செய்தார்கள். அலபாமா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் பட்டர்வொர்த் 1982-இல் ஃபோலிக் அமிலத்தை வைத்துச் செய்த சிறிய ஆய்வு நம்பிக்கை தந்தது. அவரே 235 பெண்களைச் சேர்த்து, நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஆறு மாதம் கொடுத்து 1992-இல் முடிவை வெளியிட்டபோது அந்த நம்பிக்கை காணாமல்போயிருந்தது. ஆஸ்திரேலியாவில் 141 பெண்களுக்கு பீட்டா கரோட்டினையும் வைட்டமின் சி-யையும் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்துப் பார்த்து 1999-இல் வெளியிட்ட முடிவிலும் பயன் இல்லை. லேசான மாற்றத்துக்குப் பலிக்காதது முற்றிய மாற்றத்துக்குப் பலிக்கலாம் என்ற எண்ணத்தில், அமெரிக்காவில் நடுத்தர, தீவிர மாற்றங்கள் கொண்ட 103 பெண்களுக்கு இரண்டு ஆண்டுகள் நாளும் 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொடுத்தார்கள். 2001-இல் வந்த அந்த முடிவும் போலி மாத்திரையை மிஞ்சவில்லை. இந்த ஆய்வுகளை நடத்தியவர்கள் வைட்டமினுக்குப் பகைவர்கள் அல்லர். பலிக்கும் என்று நம்பித் தொடங்கியவர்கள்.

அப்படியானால், மாத்திரை சாப்பிட்டேன், சரியாகிவிட்டது என்று சொல்லும் பெண்கள் பொய்யா சொல்கிறார்கள்? இல்லை. அவர்களுக்கு உண்மையிலேயே சரியாகியிருக்கும். கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய முழுவதும் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் என்ற எச்பிவி-யால் வருவது; அதைக் கண்டுபிடித்த ஜெர்மானிய அறிஞர் ஹரால்டு சுர் ஹாவ்சனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. தாம்பத்திய வாழ்க்கை தொடங்கிய பெண்களில் பெரும்பாலானவர்களை இந்த வைரஸ் என்றாவது ஒருநாள் தொட்டுவிட்டுத்தான் போகிறது. பத்தில் ஒன்பது தொற்றுகளை உடலின் எதிர்ப்பாற்றலே ஓரிரு ஆண்டுகளில் துடைத்துவிடுகிறது. லேசான செல் மாற்றங்களில் பாதிக்கு மேல் தாமாகவே மறைகின்றன. இந்த இடைவெளியில் எதைச் சாப்பிட்டாலும் பெருமை அதற்குப் போய்ச் சேரும். கொல்கத்தாவின் சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிறுவனம் மஞ்சளின் சாரமான கர்க்யூமினையும், நெல்லியும் கற்றாழையும் சேர்ந்த பசந்த் என்ற மூலிகைக் கலவையையும் பிறப்புறுப்பில் வைக்கும் மருந்தாகச் சோதித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதை அப்பட்டமாகக் காட்டியது. கர்க்யூமின் பெற்ற பெண்களில் நூற்றுக்கு 81 பேரிடம் வைரஸ் மறைந்திருந்தது. விளம்பரத்தில் இந்த எண்ணை மட்டும் போட்டால் யாரும் மயங்குவார்கள். போலி மருந்து பெற்றவர்களிலும் நூற்றுக்கு 73 பேரிடம் மறைந்திருந்தது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு தற்செயலை மீறியதல்ல. பசந்த் கலவை கொஞ்சம் கூடுதலாக, 88-ஐ ஒட்டிய பலன் காட்டியது. அதைப் பெரிய அளவில் மேலும் சோதிப்பது நல்லது. ஆனால் மருத்துவமனைக் கண்காணிப்பில் உள்ளே வைத்த அந்த மருந்துக்கும், மருந்துக்கடையில் விற்கும் மஞ்சள் மாத்திரைக்கும் உறவில்லை.

ஆபத்து இருப்பது தானாக மறையாத அந்தச் சிறுபான்மையில்தான். சில பெண்களிடம் வைரஸ், குறிப்பாக அதன் 16, 18 எண் வகைகள், ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகின்றன. உலகில் இந்தப் புற்றுநோய்களில் சுமார் 70 விழுக்காட்டுக்கு இந்த இரண்டு வகைகளே பொறுப்பு. தங்கிவிட்ட வைரஸ் ஈ6, ஈ7 என்ற இரண்டு புரதங்களை உண்டாக்கி, செல் தாறுமாறாகப் பெருகாமல் காவல் காக்கும் நம் சொந்தப் புரதங்களைச் செயலிழக்கச் செய்கிறது. ரத்தத்தில் கரோட்டின் கூடினாலும் குறைந்தாலும் அந்த வேலை நிற்பதில்லை. மாறிவிட்ட செல்களை அகற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நியூசிலாந்து பெரும் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது. ஆக்லாந்தின் தேசிய மகளிர் மருத்துவமனையில் 1960-களின் நடுப்பகுதி முதல், தீவிர மாற்றம் கண்ட பெண்கள் பலருக்கு முறையான சிகிச்சை தராமல் கவனித்து மட்டும் வந்தார்கள். அது அம்பலமாகி 1987-இல் நீதிபதி சில்வியா கார்ட்ரைட் தலைமையில் விசாரணை நடந்தது. போதிய சிகிச்சை பெறாத அந்தப் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு முப்பது ஆண்டுகளுக்குள் புற்றுநோய் வந்திருந்தது. சரியான சிகிச்சை பெற்றவர்களில் அது நூற்றுக்கு ஒருவர் என்ற அளவைக்கூட எட்டவில்லை. லேசான மாற்றமும் தீவிர மாற்றமும் பெண்ணுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். பெரும்பாலும் எந்த வலியும் இருக்காது. எது தங்கும், எது போகும் என்று மாத்திரைக்கும் தெரியாது. பார்த்தால்தான் தெரியும்.

பார்ப்பதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை என்பதைத் தமிழ்நாடே உலகத்துக்குக் காட்டியிருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கை மருத்துவ மையத்தோடு சேர்ந்து, உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2000-இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. 114 பகுதிகளைக் குலுக்கிப் பிரித்து, 57 பகுதிகளில் 30 முதல் 59 வயதுப் பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். மற்ற 57 பகுதிகளில் வழக்கமான மருத்துவ வசதி மட்டும். பரிசோதனை செய்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகர் போன்ற ஒரு கரைசலை, கருப்பை வாயில் பஞ்சால் ஒற்றி ஒரு நிமிடம் பொறுப்பார்கள். மாறிய செல்கள் உள்ள இடம் வெளுத்துத் தெரியும். தேவைப்பட்டவர்களுக்கு அதே வருகையில் உறைய வைத்து அகற்றும் சிகிச்சையும் செவிலியர்களே செய்தார்கள். அழைக்கப்பட்ட பகுதிகளில் இருந்த பெண்கள் 49,311 பேர். மற்ற பகுதிகளில் 30,958 பேர். ஏழு ஆண்டுகளில், பெரிய குழுவில் இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் 83 பேர். சிறிய குழுவில் 92 பேர். நோய் வருவது 25 விழுக்காடும் மரணம் 35 விழுக்காடும் குறைந்தன. ஒரே ஒரு முறை பரிசோதித்ததன் பலன் இது. அழைப்பை ஏற்று வந்தவர்களே மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு.

இந்த ஆய்வை முன்னின்று நடத்தியவர் மருத்துவர் ரெங்கசாமி சங்கரநாராயணன். வைட்டமினுக்கும் அவர் வாய்ப்பளித்தவர் என்பதை நம் வாசகர்கள் அறிய வேண்டும். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் அவரும் சக மருத்துவர்களும், வாயில் வெண்படலம் என்ற புற்றுநோய்க்கு முந்தைய நிலை கண்ட 160 மீனவ ஆண், பெண்களுக்கு வைட்டமின் ஏ-யும் பீட்டா கரோட்டினும் கொடுத்துப் பார்த்தார்கள். 1997-இல் வெளிவந்த முடிவு முதல் பார்வைக்குப் பிரமாதமாக இருந்தது: வைட்டமின் ஏ பெற்றவர்களில் 52 விழுக்காட்டினருக்கும் பீட்டா கரோட்டின் பெற்றவர்களில் 33 விழுக்காட்டினருக்கும் படலம் முழுவதும் மறைந்தது, போலி மாத்திரைக் குழுவில் 10 விழுக்காடுதான். ஆனால் மாத்திரையை நிறுத்தியதும், மறைந்தவர்களில் வைட்டமின் ஏ குழுவில் மூன்றில் இரண்டு பங்கினருக்கும் கரோட்டின் குழுவில் பாதிப் பேருக்கும் படலம் திரும்பி வந்துவிட்டது. வைட்டமினால் ஓரளவாவது பலன் கிடைத்த வாயிலேயே நிலைமை இதுதான். கருப்பை வாயிலோ அந்தத் தற்காலிகப் பலன்கூடக் கிடைக்கவில்லை.

இதற்கு எதிராக வைக்கப்படும் வாதங்களில் வலுவானது, நம் பெண்கள் அமெரிக்கப் பெண்களைப் போல நன்றாகச் சாப்பிட்டவர்கள் அல்லர் என்பது. சத்துக் குறைந்த உடலுக்குச் சத்து கொடுத்தால் பலிக்காதா? சீனாவின் லின்ஷியன் பகுதியில் சத்துக்குறைபாடுள்ள ஏறத்தாழ 30,000 பேருக்கு பீட்டா கரோட்டின், வைட்டமின் இ, செலினியம் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தபோது, இரைப்பைப் புற்றுநோய் மரணம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாக 1993-இல் தெரியவந்தது. ஐதராபாத்தை ஒட்டிய கிராமங்களில் நடந்த ஓர் ஆய்விலும், ரத்தத்தில் ஃபோலேட்டும் பி12-ம் போதுமான அளவு இருந்த பெண்களிடம் ஆபத்தான எச்பிவி வகைகள் குறைவாகவே இருந்தன. இவற்றை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் லின்ஷியனில் பலன் கண்டது இரைப்பை. அதன் நோய்க்காரணமே வேறு. ஐதராபாத் ஆய்வு ஒரு தொடர்பைக் காட்டுகிறது. மாத்திரை கொடுத்தால் வைரஸ் போகும் என்று காட்டவில்லை. இந்த ஆய்வுகளிலிருந்து நேர்மையாகப் பெறக்கூடியது, நம் பெண்களின் சாப்பாடு மேம்பட வேண்டும் என்பதுதான். முருங்கைக் கீரையும் பருப்பும் முட்டையும் தட்டில் இருக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சியதைச் சாப்பிடும் வழக்கம் ஒழிய வேண்டும். சுகாதார நிலையத்தில் ரத்தசோகைக்கு இலவசமாகத் தரும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரை இந்தக் கணக்கில் சேராது. அது வேறு காரணத்துக்கு, தக்க ஆதாரத்தோடு தரப்படுவது. இந்தக் கட்டுரையைப் படித்து அதை யாரும் நிறுத்திவிடக் கூடாது.

பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்பது அடுத்த வாதம். வைட்டமின் என்றாலே தீங்கற்றது என்ற எண்ணத்தைப் பின்லாந்து ஆய்வு 1994-இல் உடைத்தது. 29,133 ஆண் புகைபிடிப்பவர்களிடம் நடந்த அந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் பெற்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடுதலாக வந்தது. அமெரிக்காவில் இதேபோன்ற இன்னோர் ஆய்வில் 28 விழுக்காடு கூடியதால் அதை 1996-இல் முன்கூட்டியே நிறுத்தினார்கள். நம் கிராமத்துப் பெண்களில் புகைபிடிப்பவர்கள் குறைவு. ஆகவே அதே கேடு இவர்களுக்கும் வரும் என்று நான் சொல்லவில்லை. காய்கறியில் இருக்கும் ஒன்றைப் பிரித்தெடுத்துப் பல மடங்காக்கி மாத்திரையில் அடைத்தால் அது மருந்தைப் போலவே வேலை செய்யும், மருந்தைப் போலவே சோதிக்கப்பட வேண்டும் என்றுதான் சொல்கிறேன். புற்றுநோயைத் தடுக்க பீட்டா கரோட்டினும் வைட்டமின் இ-யும் எடுக்க வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2022-இல் வெளிப்படையாகவே பரிந்துரைத்தது. நம் சட்டமும் தெளிவாக இருக்கிறது. உணவுத் துணைப்பொருளாக விற்கப்படுபவை மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வாசகத்தைத் தாங்கியிருக்க வேண்டும். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய மருந்துகள் விளம்பரச் சட்டம், குணப்படுத்துவதாகவோ தடுப்பதாகவோ விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியலில் புற்றுநோயையும் கருப்பை நோய்களையும் பெயர் சொல்லியே வைத்திருக்கிறது. அட்டையில் எழுதத் துணியாததை வாய்ச்சொல்லாகவும் வாட்ஸ்அப் செய்தியாகவும் பரப்பும்போது அந்தச் சட்டம் எட்டாமல் போகிறது. மருத்துவரே எழுதிக்கொடுக்கிறாரே என்று கேட்பவர்களுக்கு: வேறு காரணத்துக்காக அவர் எழுதியிருக்கலாம். கருப்பை வாய்க்காக எழுதினார் என்றால், அந்த வாயை அவர் ஒருமுறை பார்த்தாரா என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு.

இத்தனைக்கும் பிறகு ஒரு வாதம் மிஞ்சுகிறது. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. மாத்திரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, பரிசோதனை இல்லை. மாத்திரைக்கு உடையைக் களைய வேண்டாம், யார் முன்னும் படுக்க வேண்டாம், மாமியாரிடம் காரணம் சொல்ல வேண்டாம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் கருப்பை வாய்ப் பரிசோதனையை வாழ்நாளில் ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் நாட்டளவில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. தமிழ்நாடும் புதுச்சேரியும் அதைவிட மேல் என்றாலும், பத்தில் ஒருவர் என்ற அளவை இரண்டுமே தொடவில்லை. மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இலேயே, 30 முதல் 65 வயதுப் பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை இந்த வினிகர் பரிசோதனை நடக்க வேண்டும் என்று நெறிமுறை வகுத்துவிட்டது. நாட்டில் ஆண்டுக்கு சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் வருகிறது. 80,000 பேர் அளவுக்கு இறக்கிறார்கள். ஆகவே மாத்திரையை நம்பும் பெண்ணை அறியாமை என்று குறை கூறுவது தவறு. அவருக்கு முன்னால் வைக்கப்பட்ட ஒன்றை அவர் எடுத்துக்கொண்டார். வேறொன்று வைக்கப்படவே இல்லை.

அதை வைக்கப் புதுச்சேரியைவிட வசதியான இடம் குறைவு. சிறிய நிலப்பரப்பு. கொம்யூனில் ஆரம்ப சுகாதார நிலையம், வீடு வீடாகப் போகும் ஆஷா பணியாளர்கள், கிராமச் செவிலியர்கள். கோரிமேட்டில் மண்டலப் புற்றுநோய் மையத்தோடு ஜிப்மர். எல்லைப்பிள்ளைச்சாவடியில் அரசு மகளிர் மருத்துவமனை. கூச்சம் என்ற தடைக்கும் இன்று வழி உண்டு. மாதிரியைப் பெண்ணே தன் வீட்டில், தன் கையால் எடுத்துத் தரும் எச்பிவி பரிசோதனையை உலக சுகாதார நிறுவனம் 2021 நெறிமுறையில் ஏற்றிருக்கிறது. வினிகர் பரிசோதனையைவிட எச்பிவி பரிசோதனை நம்பகமானது என்பதற்கும் இந்தியக் கிராமமே சான்று. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் நடந்து 2009-இல் வெளிவந்த ஆய்வில், ஒரே ஒரு எச்பிவி பரிசோதனை மரணத்தை ஏறத்தாழப் பாதியாக்கியது. அடுத்த தலைமுறைக்குத் தடுப்பூசி இருக்கிறது. இந்தியாவிலேயே தயாராகும் செர்வாவாக் 2022-இல் அனுமதி பெற்றது. ஒரே தவணைகூடப் பல ஆண்டுகள் காக்கிறது என்பதையும் இந்தியப் பெண்களிடம் நடந்த ஆய்வே காட்டியது. ஆனால் 30 வயதைக் கடந்து வைரஸை ஏற்கெனவே சந்தித்துவிட்ட தாய்மார்களுக்குத் தடுப்பூசி காலம் கடந்தது. பரிசோதனைதான் அவர்களுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு.

நெட்டப்பாக்கத்தில் செய்ய வேண்டியது இதுதான். முதலில் 30 வயதைக் கடந்த பெண்களின் பெயர்ப் பட்டியல், தடுப்பூசிக்குக் குழந்தைகளின் பட்டியல் வைத்திருப்பதைப் போல. அந்தப் பட்டியலின்படி சுய உதவிக்குழுக்கள் வழியாக அழைப்பு. பரிசோதனை நடக்கும் நாள் அறுவடைக்கும் நூறு நாள் வேலைக்கும் இடிக்காத நாளாக இருக்க வேண்டும். இவற்றைவிட முக்கியமானது, மாற்றம் கண்டுபிடிக்கப்பட்ட பெண்ணை, இன்னொரு நாள் கோரிமேட்டுக்குப் போங்கள் என்று சீட்டெழுதி அனுப்பாமல் இருப்பது. அந்த இன்னொரு நாளுக்கு ஒரு நாள் கூலி போகும், பேருந்துச் செலவு ஆகும், வீட்டில் விளக்கம் சொல்ல வேண்டும். பலர் போகவே மாட்டார்கள். திண்டுக்கல்லில் மரணம் குறைந்ததில், அதே வருகையில் சிகிச்சையும் கிடைத்ததற்குப் பெரும் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன். மாறிய செல்களை வெப்பத்தால் அழிக்கும் கருவி இன்று கைக்கு அடக்கமாக, மின்கலத்தில் இயங்கும் வகையில் கிடைக்கிறது. சிகிச்சைக்குச் சில நிமிடங்கள் போதும், பயிற்சி பெற்ற செவிலியரே செய்யலாம். புற்றுநோய் என்றே சந்தேகம் வரும் சிலரை மட்டும் ஜிப்மருக்கு அனுப்பினால் போதும். அவர்களுடன் ஓர் ஆஷா பணியாளர் கூடவே போகவும், அதற்கு அவருக்குப் படி கிடைக்கவும் சுகாதாரத் துறை வழிசெய்ய வேண்டும். அந்தக் கருவியை கொம்யூனின் ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வாங்கிக் கொடுக்கும்படி தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரிடம் மகளிர் குழுக்கள் இப்போதே மனு கொடுக்கலாம்.